பதினாறு பக்கப் பொழுது

ஒரு நாளைக்கு எவ்வளவு பார்ப்பீர்கள் என்று கேட்கிறவர்களிடம், "ஒரு ஃபாரம். மனசு நின்றால் ஒன்றரை" என்பேன். ஃபாரம் என்றால் பதினாறு பக்கம். நான் எந்தப் பதிப்பகத்திலும் சம்பளத்துக்கு இல்லை. திருவல்லிக்கேணியில் வீட்டு மாடியில் உட்கார்ந்து பல பேருக்குப் புத்தகம் செப்பனிட்டுக் கொடுக்கிறேன். கணினித் திரையில் பக்கத்துக்கு எல்லை ஏது? இருந்தும் என் காலையும் மாலையும் கூலியும் பதினாறு பதினாறாகவே கழிகின்றன. இந்தக் கணக்கைப் போட்டது அச்செழுத்து ஈயம். தமிழில் புத்தகம் திருத்துகிறவரின் அன்றாடத்தை நூறு வருஷத்துக்கு மேல் வகுத்துக் கொடுத்தது அச்சகத்தின் எழுத்துக் கையிருப்பு என்பது என் கட்சி.

எண்பதுகளின் கடைசியில் ராயப்பேட்டையில் ஒரு சின்ன அச்சகத்தில் காப்பி ஹோல்டராகச் சேர்ந்தேன். கையெழுத்துப் பிரதியை நான் உரக்கப் படிக்க வேண்டும். எதிரே பெரியவர் ஒருவர், மை காயாத கேலி புரூஃபில் பேனாவை ஓட்டிக்கொண்டே வருவார். கமா, முற்றுப்புள்ளி, மேற்கோள் குறி எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். மத்தியானத்துக்குள் தொண்டை கட்டிவிடும். இரண்டு ஃபாரத்துக்குப் போதுமான எழுத்துதான் அங்கே இருந்தது. முதல் ஃபாரத்தை அடித்து முடித்து, எழுத்தைப் பிரித்து, எழுத்துப் பெட்டியான கேஸில் அதனதன் அறையில் போட்டால்தான் மூன்றாவதைக் கோக்க முடியும். பொழுது சாயும்போது ஃபோர்மேன் படியேறி வருவார். "ஐயா, ராத்திரிக்குள்ள ஃபாரத்தை விட்டுருங்க. காலையில கோக்க எழுத்து இல்ல." பெரியவர் தலை நிமிராமல் கையை மட்டும் காட்டுவார். அவர் வீட்டுக்குப் புறப்படும் நேரத்தை முடிவு செய்தது கடிகாரம் அல்ல, கீழே காலியாகிக்கொண்டிருந்த கேஸ்.

அந்தக் கட்டத்தில் வாக்கியத்தில் கை வைக்க முடியாது. ஒரு சொல்லைச் சேர்த்தால் அந்த வரி தள்ளும், அடுத்த வரியும் தள்ளும், பத்தி முடிகிறவரை கம்பாசிட்டர் ஒவ்வொரு வரியாகப் பிரித்துக் கோக்க வேண்டும். அதனால் பெரியவர் பார்த்ததெல்லாம் ஒற்று மிகும் இடம், மிகா இடம், கேஸில் அறை மாறி விழுந்த ன, ண, பிறகு அச்சில் தேய்ந்துபோன புள்ளி. நடை எப்படிக் கிடந்தாலும் கிடந்தபடியே போகும். அருமையான இலக்கணம் தெரிந்தவர் அவர். ஆசிரியர் ஒரே விஷயத்தை மூன்று முறை சொல்லியிருந்தால், மூன்று முறையும் ஒற்று சரியாக இருக்கும். எழுத்தாளர்களில் பலர் இன்றைக்கும் எங்களிடம் சந்திப்பிழையை மட்டும் எதிர்பார்ப்பதற்கு வேர் இங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னும் பின்னால் போனால் எங்கள் மூதாதையர் பழைய முகப்புப் பக்கங்களில் தென்படுகிறார்கள். 1835இல் கவர்னர் ஜெனரல் மெட்காஃப் காலத்தில் அச்சுக்கு இருந்த உரிமக் கட்டுப்பாடு நீங்கியபின் சென்னையில் நம்மவர் அச்சுக்கூடங்கள் பெருகின. ஏடு படிக்கத் தெரிந்த வித்துவான்களுக்குப் புது வேலை வந்தது. இன்னாரால் பரிசோதிக்கப்பட்டது, இன்னாரால் பார்வையிடப்பட்டது என்று அவர்கள் பெயர் நூலின் முகப்பிலேயே அச்சானது. இன்று எங்கள் பெயர் நன்றியுரையின் கடைசி வரியில் வந்தால் பெரிது. சரவணப்பெருமாளையர், விசாகப்பெருமாளையர் சகோதரர்கள் பாடம் சொன்னார்கள், உரை எழுதினார்கள், பதிப்பித்தார்கள், அச்சுக்கூடமும் வைத்திருந்தார்கள்.

அச்சுக்கூடம் சொந்தமாக இருப்பது சாதாரண விஷயமல்ல. ஆறுமுக நாவலர் 1849இல் சென்னைக்கு வந்து அச்சியந்திரம் வாங்கிப்போய் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் நிறுவினார். பிற்பாடு சென்னையிலும் அச்சுக்கூடம் அமைத்தார். நாவலர் பதிப்பில் பிழை காண்பது அரிது என்பது இன்றுவரை நிற்கும் பேர். அவர் புலமையை யார் மறுக்க முடியும்? ஆனால் என் தொழில் கண்ணுக்கு வேறொன்றும் தெரிகிறது. மற்றவர்களை ஈயம் விரட்டியது. நாவலருக்கு ஈயம் காத்திருந்தது. திருப்தி வருகிறவரை கோத்த பக்கத்தை அப்படியே வைத்திருக்க அவரால் முடிந்தது.

உ.வே. சாமிநாதையருக்கு அந்த வசதி இல்லை. 1880இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்தவர். சேலம் இராமசாமி முதலியார் தூண்டிவிட்டதில் சீவக சிந்தாமணிப் பதிப்பில் இறங்கினார். மூவாயிரத்துக்கு மேற்பட்ட பாட்டு, நச்சினார்க்கினியர் உரை வேறு. அச்சிட்டது சென்னையில், அவர் இருந்ததோ கும்பகோணத்தில். விடுமுறை விட்டால் சென்னைக்கு ஓடி அச்சைப் பார்த்தார். மற்ற நாளில் தபாலை நம்பினார். கையொப்பக்காரர்களிடம் பணம் திரட்டுவதும் அவர் தலையில்தான். பகலில் கல்லூரி, மற்ற நேரமெல்லாம் ஏடு. ஒரு பாடத்தை ஒப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே முந்தின ஃபாரம் இயந்திரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் என்றால் எப்படி இருந்திருக்கும்! புதிதாக ஓர் ஏடு கிடைத்து அதில் நல்ல பாடம் இருந்தாலும், அச்சாகிப் போன பக்கம் போனதுதான். 1887இல் நூல் வெளிவந்தது. 'என் சரித்திரம்' 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. எல்லாரும் அதைத் தமிழ் மீட்ட கதையாகப் படிக்கிறார்கள். தவறில்லை. நான் அதைத் தொழில் குறிப்பேடாகப் படிக்கிறேன்: காகிதச் செலவு, ஆள் துணை, தாமதம், அலைச்சல்.

எழுத்துச் சீர்திருத்தத்தை ஒரு வரியில் கடந்துவிடலாம். 1978 அக்டோபரில் அரசாணை வந்து, துதிக்கை வைத்த 'லை', சுழித்த 'னா' எல்லாம் பாடப்புத்தகத்திலிருந்து போயின. நான் வேலைக்குச் சேர்ந்தபோதும் எங்கள் கேஸில் பழையவை கொஞ்சம் மிச்சமிருந்தன. புது எழுத்து தீர்ந்தால் பழையதைச் செருகிவிடுவார்கள்.

தொண்ணூறுகளில் பேஜ்மேக்கர் வந்தது. ஈயத்தை எடைக்குப் போட்டார்கள். கம்பாசிட்டர்களில் இளையவர்கள் கீபோர்டு கற்றார்கள், மற்றவர்கள் வீட்டுக்குப் போனார்கள். அந்த இழப்பை நான் மறக்கவில்லை. ஆனாலும் எங்கள் வேலைக்கு அதுதான் விடுதலை. ஒரு பத்தியைத் தூக்கி முன்னால் போட்டால் யாருக்கும் கை வலிக்காது என்ற நிலை அப்போதுதான் வந்தது. அதற்காகக் காத்திராமல் ஈயக் காலத்திலேயே வாக்கியத்தைத் தொட்டவர் க்ரியா எஸ். ராமகிருஷ்ணன். க்ரியா 1974இல் தொடங்கிய பதிப்பகம். பிரதி அச்சகத்துக்குப் போகுமுன்பே அதன் வாக்கியங்களில் உழைப்பது அங்கே வழக்கமாக இருந்தது. செலவு மேசையில் தீர்ந்துவிட்டால் கேஸில் தீர வேண்டியதில்லை என்பது எளிய கணக்குதான், மற்றவர்கள் போடவில்லை. 1992இல் வந்த தற்காலத் தமிழ் அகராதி இன்றும் என் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதன் விரிவான பதிப்பை முடித்துவிட்டு, 2020 நவம்பரில் அவர் காலமானார்.

இப்போது என் நாள் இப்படி. விடிகாலையில் குப்பை பொறுக்குவது. ஒவ்வொரு டிடிபி கடையும் ஒவ்வொரு எழுத்துரு வைத்திருந்த காலத்துக் கோப்புகள் யூனிகோடுக்கு மாறி வரும்போது எழுத்து உதிர்ந்து வரும். துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் 'ர' இருக்கும். 'எ' என்று கண்ணுக்குத் தெரிவது ஏழு என்னும் பழைய தமிழ் எண்ணாக இருக்கும். 'ஔ'வை 'ஒ'வும் 'ள'வுமாக அடித்திருப்பார்கள். தாளில் பார்த்தால் எதுவும் தெரியாது, தேடினால்தான் அகப்படும். பிறகு, பேனா தொடாமல் அன்றைய ஃபாரத்தை ஒரு முறை படிப்பேன். பதினொரு மணிக்குமேல் வாக்கியத்தில் இறங்குவேன். மத்தியானம் அடிக்குறிப்பு, ஆண்டு, ஊர்ப்பெயர். சாயங்காலம் ஆசிரியர்களின் தொலைபேசி: "மேடம், ஒரே ஒரு வரி சேர்த்துக்கலாமா?" கடைசியில் கைபேசியைப் படிக்கவிட்டு நான் பிரதியைப் பின்தொடர்வேன். என் பழைய வேலையை அது பார்க்கிறது. கமாவைத்தான் சொல்வதில்லை.

1977இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி ஜனவரியில் வருவதால் நவம்பர், டிசம்பரில் இந்த ஒழுங்கெல்லாம் பறந்துவிடும். அப்போது ஈயத்தின் இடத்தில் அரங்கத் தேதி நின்று விரட்டும்.

வேண்டும்போது வேண்டிய படி மட்டும் அச்சிடும் முறை வந்தபின் பக்கம் பதினாறால் வகுபட வேண்டிய அவசியமும் தளர்ந்துவிட்டது. கூலி பேசும்போது மட்டும் ஃபாரம் திரும்பி வந்துவிடும். அண்மையில் ஒரு பதிப்பாளர் 213 பக்கப் புத்தகம் ஒன்றுக்குக் கணக்குப் பார்த்தார். பதின்மூன்று ஃபாரம் முழுசு, மீதி ஐந்து பக்கத்துக்குக் கால் கூலி போதுமே என்றார். அந்த ஐந்து பக்கமும் துணைநூற்பட்டியல். முழு ஃபாரத்துக்குக் கேட்டு வாங்கினேன்.