பாதீடு: ஆநிரை முதல் முத்துச்சிப்பி வரை

வெட்சித்திணையைப் பாடம் சொல்லும்போது விரிச்சிக்கும் வேய்க்கும் ஆகோளுக்கும் கிடைக்கும் கவனம் ‘பாதீடு’ என்னும் துறைக்குக் கிடைப்பதில்லை. கவர்ந்து வந்த ஆநிரையைத் தமக்குள் பங்கிட்டுக் கொள்ளுதல் என்று ஒரு வரியில் பொருள் கூறிவிட்டு உண்டாட்டுக்குப் போய்விடுகிறோம். ஆனால் கொள்ளைக்குப் போன கூட்டம் உடையாமல் மறுமுறையும் ஒன்றாகப் போகுமா என்பது அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

தொல்காப்பியம் வெட்சிக்குக் கூறும் பதினான்கு துறைகளின் வரிசையைப் பாருங்கள். பாதீடு, உண்டாட்டு, கொடை என்று முடிகிறது. பங்கு பிரித்த பிறகே கள். (மாறாக வைத்திருந்தால் என்னவாகும் என்று ஊர்த் திருவிழாக் கணக்குப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.) பங்குக்குப் பிறகே கொடையும். பங்கு என்பது உடன் சென்றவனின் உரிமை; கொடை என்பது தலைவனின் அருள். இரண்டையும் இலக்கணம் தனித்தனித் துறைகளாக வைத்திருப்பது தற்செயல் அன்று என்றே கருதுகிறோம்.

புறப்பொருள் வெண்பாமாலை இதனை இன்னும் நுணுக்கமாக்குகிறது. ஐயனாரிதனார் பாதீட்டுக்குச் சொல்லும் விதி, அவரவர் செய்த வினையை அறிந்து கொடுத்தல் என்பது. அதற்கு அவர் தரும் வெண்பாவில் வாளேந்திப் பொருதவர் மட்டும் இல்லை. ஒற்றறிந்து வந்து உரைத்தவரும், புள் நிமித்தம் பார்த்துச் சொன்னவரும் பங்கு பெறுகின்றனர். அத்துடன் விடவில்லை. பகைவர் நிலையை உளவறிந்து வந்தவனுக்குத் தம்மினும் மிகுதியாக அளிப்பதைப் ‘புலனறி சிறப்பு’ என்றும், நிமித்தம் பிழையாமற் சொன்னவனுக்கு அளிப்பதைப் ‘பிள்ளை வழக்கு’ என்றும் தனித் துறைகளே ஆக்கிவிட்டார். மாட்டின் மேல் கை வைக்காதவனுக்கும் மாட்டில் பங்குண்டு.

இதனை இப்போது எழுதத் தூண்டியவர்கள் இணைய விளையாட்டில் இரவைக் கழிக்கும் நம் மாணவர்கள். ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ என்ற ஆட்டம் 2004இல் வந்தபோது, நாற்பது பேர் கூடித் தாக்கினால்தான் சில பெரும் பூதங்கள் வீழும் என்ற அமைப்பு அதில் இருந்தது. பூதம் வீழ்ந்தால் கிடைப்பவை இரண்டு மூன்று ஆயுதங்களோ கவசங்களோதாம். நாற்பது பேருக்கு மூன்று பொருள்! வெட்டியவன், அடியைத் தாங்கி நின்றவன், ஓர் அடியும் அடிக்காமல் மற்றவர் காயத்தை ஆற்றிக்கொண்டிருந்தவன், இவருள் யாருக்கு? தாயம் உருட்டிப் பார்த்தனர். மூத்தோர் குழு தீர்ப்பளிக்கட்டும் என்றனர். இதற்கும் முந்திய ‘எவர்குவெஸ்ட்’ ஆட்டத்தில், 1999இலேயே, வந்து நின்ற ஒவ்வொருவர் பெயரிலும் புள்ளிகளை வரவு வைத்து, பொருள் வேண்டும்போது அப்புள்ளிகளைச் செலவழிக்கும் ஒரு பேரேட்டு முறை பிறந்தது. ‘டிராகன் கில் பாயிண்ட்ஸ்’ என்று அதற்குப் பெயர். அவரவர் வினையறிந்து ஈதல் என்பதைக் கணக்குப் புத்தகத்தில் ஏற்றிய முயற்சி என்று அதனைச் சொல்லலாம்.

ஆட்டத்தில் இறந்தவன் மீண்டும் எழுந்து வந்து பங்கு கேட்பான். ஆகோளில் இறந்தவனுக்கு அது வாய்க்காது. 2006இல் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த தமிழ்-பிராமி நடுகற்களுள் ஒன்று, கூடலூர் ஆகோளில் பட்ட ஒருவனுக்கு எடுத்தது. ‘ஆகோள்’ என்ற இலக்கணச் சொல்லே அக்கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. அவன் பங்கு அந்தக் கல்.

புலிமான்கோம்பையைத் தொட்டு வரும் வைகை இராமநாதபுரத்துச் சீமையில்தான் முடிகிறது. அங்கே ஆநிரைக்குப் பதிலாகச் சிப்பி. முத்துக்குளித்தல் கொள்ளையன்று என்பது மெய்யே. ஆயினும் பலர் உயிரைப் பணயம் வைத்து ஒன்றாகச் சென்று, கிடைத்ததைக் கரையில் குவித்து, இருட்டுவதற்குள் பிரித்தாக வேண்டிய தொழில் அது. மன்னார்க் கடலில் கீழக்கரை முஸ்லிம்களும் தூத்துக்குடிப் பரதவரும் குளித்தனர். இலங்கைக் கரைக்கும் சென்று குளித்தனர்.

பங்குக் கேள்வி இக்கடலில் மிகப் பழையது. கிரேக்க நூலான ‘பெரிப்ளூஸ்’ கொற்கைப் பகுதியில் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்தெடுத்ததாகக் கூறும். அங்கே பங்கு என்ற பேச்சுக்கே இடமில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, வணிகர்கள் குளிப்போரைக் கூலிக்கு அமர்த்தியதையும், எடுத்ததில் பத்தில் ஒன்றை மன்னனுக்கும் இருபதில் ஒன்றைச் சுறாக்களை மந்திரத்தால் கட்டுபவர்களுக்கும் கொடுத்ததையும் எழுதிவைத்தார். நிமித்தம் சொன்னவனுக்கு மாட்டில் பங்கு கொடுத்த வழக்கும், சுறாவைக் கட்டியவனுக்கு முத்தில் பங்கு கொடுத்த வழக்கும் ஒரே மனத்திலிருந்து வந்தவை என்று எண்ணத் தோன்றுகிறது. கடலில் இறங்குபவனின் அச்சத்தைப் போக்குவதும் ஒரு வினைதான். ‘கடல்கட்டி’ என்ற பெயரில் இவர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருந்தார். இவர் கரையில் இல்லையேல் படகு இறங்காது என்பதால் ஆங்கில அதிகாரிகளும் இவரை விலக்கத் துணியவில்லை.

டச்சுக்காரர் 1658இல் தூத்துக்குடியைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பறித்த பின்னர், முத்துக்குளிப்பில் கணக்கின் அலகு ‘கல்’. மூழ்குபவனை ஆழத்துக்கு இழுத்துச் செல்லும் கல் அது. மதுரை நாயக்கருக்கு இத்தனை கல், சேதுபதிக்கு இத்தனை கல், பரதவத் தலைவர்களுக்கு இத்தனை கல் என்று வரியின்றிக் குளிக்கும் உரிமை எண்ணப்பட்டது. அரண்மனையில் இருந்தவாறே கடலடியில் கல் வைத்திருந்தார்கள்.

ஆங்கிலேயர் காலத்து முறை வேறு. படகு கரை சேர்ந்ததும் வேலியடைத்த ‘கொட்டு’ எனும் களத்துக்குச் சிப்பிகளைச் சுமந்து சென்று, குளித்தவர்களே மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். எந்தக் குவியல் யாருக்கு என்று சொல்வது அரசு அலுவலர். இரண்டு அரசுக்கு, ஒன்று படகுக்கு. பிரிப்பவன் கையில் தேர்வு இல்லாததால் அவன் மூன்றையும் சமமாக வைத்தே ஆக வேண்டும். அண்ணன் பிரித்தால் தம்பி எடுக்க வேண்டும் என்னும் நம் வீட்டுத் தீர்வுதான். போதாக்குறைக்குச் சிப்பி திறக்கப்படாதது. எந்தக் குவியலில் முத்து இருக்கிறதென்று பிரித்தவனுக்கும் தெரியாது, எடுத்தவனுக்கும் தெரியாது. வழியிலேயே சிப்பியைத் திறந்து முத்தை ஒளிப்பவன் இந்தச் சமத்துவத்தைக் குலைப்பவன். எனவே காவல் கடுமையாக இருந்தது.

பிரிக்கும் முறையில் குற்றம் காண இடமில்லை. ஆனால் மூச்சடக்கி இறங்கியவர்களுக்கு மூன்றில் ஒன்று, இறங்காத அரசுக்கு இரண்டு என்ற விகிதத்தை அந்த முறை தொடவேயில்லை. கடல் அரசுடையது என்பதே அரசின் வினை! ஐயனாரிதனார் காட்டும் தலைவன் ஒற்றனுக்குத் தன்னினும் மிகுதியாகக் கொடுத்தவன் என்பதை இங்கே நினையாமல் இருக்க முடியவில்லை. (அந்த மாடுகளை இழந்த ஊரின் கண்ணீர் பாதீட்டில் வருவதில்லை, அது கரந்தைக்குப் போய்விட்டது. கூட்டத்துக்குள் நீதி, கூட்டத்துக்கு வெளியே கொள்ளை என்பதை மறக்க வேண்டாம்.)

எஞ்சிய மூன்றில் ஒன்று படகுக்குள் மறுபடி பிரியும். பத்துப் பேர் குளித்தால் கயிறு பிடிக்கப் பத்துப் பேர். குளித்தவனுக்குப் பெரும்பங்கு, கயிறு பிடித்தவனுக்குச் சிறுபங்கு. கயிற்றின் அசைவைக் கண நேரம் கவனியாது விட்டால் கீழே இருப்பவன் பிணம். அதனால்தான் மனைவியின் உடன்பிறந்தானைக் கயிறு பிடிக்க வைப்பார்கள், தங்கை தாலியறுக்க அவன் சம்மதிக்கமாட்டான் என்ற பேச்சு முத்துக்குளித்துறையில் வழங்குகிறது. உறவைப் பிணையாக வைத்த பின்னும் பங்கு என்னவோ சிறுபங்குதான்.

தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் மீன்பிடித் தொழிலில் பங்கு முறை இன்றும் வாழ்கிறது. டீசல், ஐஸ் செலவைக் கழித்த பின் மீன் விற்ற பணத்தைப் பங்காக்குவார்கள். நாட்டுப்படகுகளில் ஆளுக்கு ஒரு பங்கு இருப்பதுபோலப் படகுக்குப் பங்குண்டு, வலைக்கும் பங்குண்டு. இயந்திரம் பொருத்தத் தொடங்கிய பின் அதற்கும் ஒரு பங்கு சேர்ந்துகொண்டது. அந்தப் பங்கை வாங்கிக்கொள்பவர், அன்று கடலுக்குப் போகாமல் கரையில் நிற்கும் உரிமையாளராகவும் இருக்கலாம்.