துண்டுக்கா, காயத்துணிக்கா? நுண்ணுயிர்க்கொல்லிப் பலபடிப் பூச்சுகளின் இடம் குறித்து

ஒரு பரப்பு பாக்டீரியாவைக் கொல்லும் என்று சான்றளிக்கப் பரவலாகக் கையாளப்படும் முறை ஐஎஸ்ஓ 22196. பூச்சிட்ட தகட்டின்மேல் பாக்டீரியா கலந்த நீர்மத்தை இட்டு, மெல்லிய பிலிமால் மூடி, 35 பாகை செல்சியசில், 90 விழுக்காட்டுக்குக் குறையாத ஈரப்பதத்தில் 24 மணி நேரம் வைத்திருந்து எஞ்சியவற்றை எண்ணுவார்கள். துணிக்கான ஐஎஸ்ஓ 20743 தரத்தின் உறிஞ்சல் முறையிலும் ஈரத்தில் பல மணி நேரம் ஊறவிடுவதே வழக்கம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் கரிசல் ஊரான சங்கரன்கோவிலில், பேருந்துக் கைப்பிடிக்கோ தோளில் கிடக்கும் துண்டுக்கோ அப்படியொரு நாள் வாய்ப்பதில்லை. அங்கே பரப்பின்மேல் படிவது புழுதியும் வியர்வையும் தேங்காயெண்ணெயும். ஆகவே ஒரு பூச்சு எத்தனை விழுக்காடு கொல்கிறது என்பதை முதற்கேள்வியாக வைக்க முடியாது. அந்தப் பரப்பின் அன்றாடம் சோதனைச் சாலையின் அன்றாடத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதே முதலில் கேட்கவேண்டியது.

விழுக்காட்டைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு. பத்து லட்சம் பாக்டீரியாவில் 99.9 விழுக்காடு மடிந்தால் ஆயிரம் மிஞ்சும். நல்ல ஊட்டத்தில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் ஈகோலை, பத்துத் தலைமுறையில், அதாவது 3 மணி 20 நிமிடத்தில், பழைய எண்ணிக்கையைத் தொட்டுவிடும்.

இந்தத் துறையின் தொடக்கப்புள்ளியாகப் பலரும் சுட்டுவது 2001இல் யோர்க் டில்லரும் அலெக்சாண்டர் கிளிபனோவும் சகாக்களுடன் வெளியிட்ட ஆய்வை. கண்ணாடித் தகட்டில் பாலிவினைல்பிரிடின் என்ற பலபடியின் (பாலிமர்) சங்கிலிகளை வேதிப்பிணைப்பால் நட்டு, அவற்றுக்கு நேர்மின்சுமை ஏற்றினார்கள். தும்மலில் தெறிப்பதுபோலத் தூவிய ஸ்டபைலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியாவில் ஏறத்தாழ 94 விழுக்காடு மடிந்தது. கிளிபனோவின் ஆய்வகத்தில் பணியாற்றி, பின்னர் பெங்களூரு ஜவகர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்துக்கு வந்த ஜயந்த ஹால்தர், 2006இல் இதே வகைப் பூச்சு இன்புளுவென்சா வைரசையும் செயலிழக்கச் செய்வதை எழுதினார். 2020இல் அவர் குழு, புற ஊதா ஒளியால் துணியிலும் பிளாஸ்டிக்கிலும் ஒரே படியில் பிணைந்துகொள்ளும் சேர்மம் ஒன்றை முன்வைத்தது. அது பலபடியன்று, சிறு மூலக்கூறு. ஆனாலும் வேலை செய்யும் விதம் ஒன்றுதான்.

அந்த விதம் என்ன? பாக்டீரியாவின் உறை எதிர்மின்சுமை கொண்டது; இவ்வகைப் பூச்சுகளில் உள்ள நான்கிணைய அம்மோனியம் போன்ற தொகுதி நேர்மின்சுமை கொண்டது. ஈர்ப்பினால் உறை சிதைகிறது. சங்கிலி உறையைத் துளைக்கிறதா, அல்லது உறையைக் கட்டிவைத்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் அயனிகளை இடம்பெயர்த்து அதைக் குலைக்கிறதா என்ற வாதம் முடியவில்லை. நமக்கு இங்கே முக்கியமானது வேறொன்று. நேர்மின்சுமைக்கு எதிர்மின்சுமை எதுவானாலும் ஒன்றே. சோப்பும் பெரும்பாலான சலவைத்தூளும் எதிரயனிப் பொருட்கள். அவை பூச்சின்மேல் ஒட்டிக்கொண்டு மின்சுமையைச் சமன்செய்துவிடும். கடின நீரின் கால்சியமும் இடைஞ்சல் தரும். மடிந்த பாக்டீரியாக்களின் படலமே பரப்பை மூடி, அடுத்து வருபவற்றுக்குக் கேடயமாகும். படலத்தை நீக்கக் கழுவவேண்டும்; கழுவினால் சோப்பு வந்துவிடும்!

சங்கரன்கோவில் விசைத்தறி ஊர். இங்கு நெய்யும் துண்டுக்கு இப்படியொரு பூச்சு ஏற்றி விலையைக் கூட்டலாமே என்பார் இருக்கலாம். துண்டைத் துவைகல்லில் அடித்து, சோப்புக் கட்டியால் தேய்த்து, வெயிலில் உலர்த்துகிற வீட்டில் அந்தப் பூச்சுக்கு ஆயுள் எத்தனை சலவை என்று நான் கேட்பேன். அந்த வெயிலே பாக்டீரியாவைக் கொல்வதையும் கணக்கில் சேர்க்கவேண்டும். வலுவாகப் பிணையாத பூச்சானால் கூடுதல் கேடு உண்டு. கசிந்து சாக்கடை சேரும் நான்கிணைய அம்மோனியம், அதை வெளித்தள்ளும் ‘க்யூஏசி’ மரபணுக்கள் கொண்ட பாக்டீரியாவுக்குச் சாதகமாகும். இம்மரபணுக்கள் பல வேளைகளில் ஆன்டிபயாடிக் எதிர்ப்பு மரபணுக்களோடு பிளாஸ்மிட் என்ற ஒரே டிஎன்ஏ வளையத்தில் பயணிப்பவை. ஆன்டிபயாடிக் எதிர்ப்பைத் தரும் நொதியான என்டிஎம்-1 பற்றி 2010இல் லான்செட் இதழ்க் குழும ஏட்டில் வந்த கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி; அதில் 44 மாதிரிகள் சென்னையிலிருந்து கிடைத்தவை. நாம் அலட்சியமாக இருக்கக்கூடிய விஷயமல்ல இது.

அப்படியானால் இவ்வேதியியலுக்கு இந்த வட்டாரத்தில் இடமே இல்லையா? உண்டு. வடக்கே ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டித் தறிகள் நெய்வது மருத்துவமனைப் பேண்டேஜ் துணி. காயத்தின்மேல் அது ஈரத்திலேயே இருக்கும். ஒருமுறை பயன்பட்டதும் எரிக்கப்படும். துவைகல்லையோ சோப்பையோ அது பார்ப்பதில்லை. பாலிஹெக்சாமெத்திலீன் பைகுவானைடு என்ற நேர்மின் பலபடியை 0.2 விழுக்காடு ஏற்றிய காயத்துணி வெளிநாட்டுச் சந்தையில் நெடுங்காலமாக விற்கிறது. காயநீரின் புரதமும் எதிர்மின்சுமை கொண்டது, அதுவும் பூச்சை மங்கவைக்கும் என்று எதிர்வாதம் வரும். நியாயமே. ஆனால் அதைச் சோதனை நீர்மத்தில் புரதம் சேர்த்தே அளந்துவிடலாம். இருபது வீடுகளின் சலவைப் பழக்கத்தை அப்படி அளக்க முடியாது. ஈரத்தில் வேலை செய்பவை வெல்கின்றன என்பதற்கு உள்ளூர்ச் சான்றும் உண்டு. சென்னை ஐஐடியில் டி. பிரதீப் குழு 2013இல் விவரித்த நீர்வடிப்பான், கைட்டோசான் என்ற இயற்கைப் பலபடி வலுவூட்டிய மணிகளில் வெள்ளியைப் பொதித்தது. தண்ணீருக்குள் அதற்கு வறட்சி என்பதே இல்லை.

உலர்ந்த பரப்புக்குப் பூச்சு விற்பவர்களிடம் கேட்பதற்கும் ஒரு முன்மாதிரி இருக்கிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2008இல் செம்பு உலோகக்கலவைகளைப் பதிவுசெய்தபோது, தேய்த்துத் தேய்த்து, மறுபடி மறுபடி பாக்டீரியாவை இட்டுச் சோதித்த பின்பே 2 மணி நேரத்தில் 99.9 விழுக்காடு என்ற வாசகத்தை அனுமதித்தது. கோவையிலுள்ள ஜவுளி ஆய்வு நிறுவனமான சிட்ராவில் மருத்துவத் துணிகளுக்கென உயர்திறன் மையம் இயங்குகிறது. பூச்சேற்றிய சத்திரப்பட்டிக் காயத்துணியை முதலில் அங்கே புரதம் கலந்த நீர்மத்தில் சோதித்துப் பார்க்கட்டும். துண்டு உற்பத்தியாளர் வந்தால், சோப்புக் கட்டி போட்டு இருபது முறை துவைத்த துண்டைக் கொண்டுவரச் சொல்லட்டும்.