நீல ரத்தமும் நாம போட்டுக்கிட்ட ஊசியும்

1/ குடும்பத்தோட கடல் பார்க்கப் போறவங்களுக்கு ஒரு ஊர் சொல்றேன். ஒடிசாவின் சண்டிப்பூர். ஏவுகணைச் சோதனைச் செய்திகளில் கேட்ட அதே ஊர்தான். சென்னை - ஹவுரா ரயில் பாதையில் உள்ள பாலசோரிலிருந்து சுமார் 16 கி.மீ. கடல் வற்றும்போது சில கிலோமீட்டர் தூரம் பின்வாங்கிடும். கடல் இருந்த இடத்தில் நீங்க நடக்கலாம்.

2/ அந்தச் சேற்றில் கவிழ்த்து வெச்ச சட்டி மாதிரி, ஈட்டி போல வாலோட ஒரு பிராணி தென்படலாம். குதிரைலாட நண்டு. பெயர்தான் நண்டு, சொந்தம் சிலந்தி, தேளோட. டைனோசருக்கும் மூத்த வம்சம். குழந்தைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்க. அவங்க போட்டுக்கிட்ட தடுப்பூசிக்கும் இந்த வம்சத்துக்கும் ஒரு கணக்கு இருக்கு.

3/ நூறு வருஷம் முன்னாடி சலைன் ஏத்தினா பலருக்குக் குளிர் நடுக்கத்தோட காய்ச்சல் வரும். கொதிக்க வெச்ச தண்ணிதானே, ஏன்? 1923-ல் அமெரிக்காவின் ஃப்ளோரன்ஸ் சைபர்ட் விடை சொன்னார். டிஸ்டில்டு வாட்டரில் பாக்டீரியா விட்டுப்போன நச்சு! கிருமி செத்தாலும் அதன் உறையில் இருக்கும் எண்டோடாக்சின், சாதாரணக் கொதிநிலையில் அழியாது. அதிகமா ரத்தத்தில் கலந்தா பிரஷர் இறங்கி உயிரே போகலாம்.

4/ சரி, எப்படிக் கண்டுபிடிக்கிறது? மருந்தை முயலுக்கு ஊசியாப் போட்டு, காய்ச்சல் வருதான்னு மணிக்கணக்கா பார்த்தாங்க. 1940-கள் முதல் இதுதான் நடைமுறை.

5/ 1956. அமெரிக்காவின் உட்ஸ் ஹோல் கடல் ஆய்வகம். ஃப்ரெடெரிக் பேங் என்ற மருத்துவர் குதிரைலாட நண்டுக்குள் பாக்டீரியாவைச் செலுத்தினார். அதன் ரத்தம் அப்படியே உறைஞ்சு போச்சு. செத்த கிருமியைச் செலுத்தினாலும் அதே கதை. ஜாக் லெவினோட சேர்ந்து 1960-களில் இதையே ஒரு பரிசோதனையா மாத்தினார்.

6/ நம்ம ரத்தத்தில் இரும்பு, அதனால சிவப்பு. அதுக்குத் தாமிரம், அதனால நீலம். அந்த ரத்த அணுக்களிலிருந்து எடுக்கும் சாறுதான் எல்.ஏ.எல். மருந்தில் நச்சு இருந்தா கட்டியாகும். 1977-ல் அமெரிக்க எஃப்.டி.ஏ. ஏற்றது. பல லட்சம் முயல்கள் தப்பிச்சுது.

7/ ஆனா விலை கொடுத்தது யார்? 19ஆம் நூற்றாண்டில் டெலவேர் விரிகுடாவில் இவற்றை லட்சக்கணக்கில் பிடிச்சு உரமா அரைச்சாங்க. இப்போ ரத்தம் எடுத்துட்டு கடலில் விடுறாங்க, அதில் ஒரு பகுதி செத்துப்போகுது. இதன் முட்டையை நம்பி வரும் செங்கழுத்து உள்ளான் பறவைகளும் குறைஞ்சுபோச்சு.

8/ மாற்று இருக்கு. சிங்கப்பூரில் டிங் ஜியக் லிங், ஹோ போ இருவரும் 1990-களில் அந்தப் புரதத்தை ஆய்வகத்திலேயே உருவாக்கினாங்க. ஐரோப்பா 2021 முதல் அதை முறைப்படி ஏற்றுக்கிட்டது.

9/ சண்டிப்பூர் போனா மூணு விஷயம். ஒண்ணு, கடல் திரும்பும் நேரத்தை உள்ளூர் மீனவர்கிட்ட கேட்காம உள்ளே நடக்காதீங்க. ரெண்டு, மல்லாந்து கிடக்கும் நண்டை ஓட்டின் பக்கவாட்டில் பிடிச்சுத் திருப்பி விடுங்க. வாலைப் பிடிச்சு இழுக்காதீங்க, அதில் விஷம் இல்லை, தானே புரள அதுக்கு அதுதான் ஊன்றுகோல். மூணு, ஷோகேஸுக்காக வாங்காதீங்க. 2009 முதல் சட்டப் பாதுகாப்பில் உள்ள உயிரினம்.

10/ அடுத்த முறை உங்க வீட்டில் யாருக்காவது டிரிப்ஸ் ஏறும்போது காய்ச்சல், நடுக்கம் இல்லாம இருந்தா, அதில் இந்த நீல ரத்தத்துக்கும் பங்கு உண்டு.