பாலன் குடில் கலையும் நாள்

நத்தார் முடிந்தபின் பாலன் குடிலும் விண்மீனும் எத்தனை நாள் நிற்கும் என்பதைத் திருச்சபை நாட்காட்டியே வரையறுத்து வந்தது. 567இல் தூர் நகரில் கூடிய சங்கம், கிறிஸ்து பிறப்புக்கும் திருக்காட்சிக்கும் இடைப்பட்ட 12 நாள்களையும் ஒரே திருநாட்காலமாகக் கொண்டது. அந்தக் கணக்கில் அலங்காரம் திருக்காட்சி என்னும் மூன்று ராசாக்கள் திருநாளான ஜனவரி 6 வரை நிற்கும். இன்னொரு கணக்கு 40 நாள். பாலன் இயேசு ஆலயத்தில் காணிக்கையாக்கப்பட்ட நினைவு நாளாகிய பெப்ரவரி 2இல் மெழுகுதிரிகள் மந்திரிக்கப்பட்ட பின்பே குடில் கலையும்.

குருவின்றியே இந்தத் திருநாளைக் காக்கவேண்டியிருந்த காலமும் இலங்கையில் உண்டு. மாத்தளை மாவட்டத்து வஹகோட்டை இலங்கையின் பழைய கத்தோலிக்கக் கிராமங்களுள் ஒன்று. கண்டி மன்னர் குடியமர்த்திய போர்த்துக்கேயப் படைவீரரின் வழிவந்தோர் அதன் மக்கள் என்பது மரபு. போர்த்துக்கேயரின் ‘நத்தால்’ என்ற சொல்லே தமிழில் நத்தார் என்றும் சிங்களத்தில் நத்தல என்றும் ஆயிற்று. 1658இல் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தரிடம் வீழ்ந்து போர்த்துக்கேயர் தீவைவிட்டு அகன்றனர். சொல் மட்டும் அகலவில்லை. ஒல்லாந்தர் தம் ஆட்சிப்பகுதியில் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தனர். வஹகோட்டை இருந்த கண்டி இராச்சியத்தில் அந்தத் தடை இல்லை. கோவாவிலிருந்து வந்த யோசேப் வாஸ் அடிகளார் 1692இல் கண்டியை அடைந்தார். அவரும் பின்வந்த குருமாரும் ஊர் ஊராக நடந்தே பணியாற்றியதால், ஓர் ஊருக்குக் குரு வரும் நாள் பெருநாளோடு பொருந்துவது அரிது. இடைக்காலத்தில் ஞாயிறு செபத்தையும் திருநாள் செபத்தையும் நடத்தியவர்கள் அண்ணாவிமாரும் மூப்பர்மாருமே. 1740களில் கண்டி அரசும் குருமாரை வெளியேற்றியபின் அந்தப் பொறுப்பு இன்னும் கூடியது. அந்தக் காலத்தைப் பற்றி அலங்காரம் என்று பேசுவதே சற்று மிகை. அவர்கள் காக்கவேண்டியிருந்தது திருநாளையே.

பாலன் குடிலுக்கு வஹகோட்டையோடு சுற்றுவழியாக ஓர் உறவு உண்டு. 1223இல் இத்தாலியின் கிரேச்சோவில் குடில் காட்சியை அமைத்தவர் அசிசியின் பிரான்சிஸ். வஹகோட்டை ஆலயத்தின் பாதுகாவலரான புனித அந்தோனியார் அவருடைய சபைத் துறவி, அவர் காலத்தவரும்கூட.

1969இல் திருத்தப்பட்ட உரோமை நாட்காட்டி நத்தார்க் காலத்தை ஆண்டவரின் திருமுழுக்கு விழாவோடு முடித்தது. அவ்விழா ஜனவரி 13ஐத் தாண்டாது. ஆகவே புதிய கணக்கில் குடில் தைப்பொங்கலுக்கு முன்பே கலைந்துவிடும். பெப்ரவரி 2 இப்போது நத்தார்க் காலத்துக்கு வெளியே விழுந்தாலும், பழைய 40 நாள் கணக்கின்படி அதுவரை குடிலை வைத்திருப்பதற்குத் தடை இல்லை.