திவாலான வங்கியின் பதிவேடு

அமெரிக்கக் கறுப்பின மக்கள் தங்கள் முன்னோரைத் தேடிப் போனால் பெரும்பாலும் 1870-ஓடு தடம் அறுந்துவிடும். அவர்களில் பெரும்பாலோரைப் பெயர் சொல்லி எழுதிய முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அதுதான். 1850, 1860-இல் எடுத்த அடிமைப் பட்டியல்களில் எஜமானர் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம், அவ்வளவே.

அதற்கும் பின்னால் போக உதவுவது ஒரு திவாலான வங்கி என்றால் நம்புவீர்களா?

1865 மார்ச் 3-இல் லிங்கன் கையெழுத்திட்ட சட்டத்தால் பிறந்தது ஃப்ரீட்மன்ஸ் சேமிப்பு வங்கி. விடுதலையான அடிமைகளின் சேமிப்பில் பெரும்பகுதியை அரசுப் பத்திரங்களில்தான் போட வேண்டும் என்பது விதி. 1870-இல் அதைத் தளர்த்தி, நிலத்தின் பேரில் கடன் கொடுக்க அனுமதித்தார்கள். வணிகவியல் படிப்பவர்களுக்கு மீதிக் கதை புரிந்திருக்கும். வேண்டியவர்களுக்குக் கடன் போனது. 1873 நெருக்கடியில் திரும்பவில்லை. 1874 மார்ச்சில் ஃப்ரெடரிக் டக்ளஸைத் தலைவராக்கினார்கள். அவர் சொந்தப் பணம் 10,000 டாலரைக் கொடுத்தும் பலனில்லை. ஜூனில் வங்கி மூடப்பட்டது. 61,000-க்கும் மேற்பட்டோரின் ஏறக்குறைய 30 லட்சம் டாலர் முடங்கியது. அரசு வங்கி என்று நம்பிப் போட்ட பணம் அது. அரசோ பொறுப்பேற்கவில்லை.

ஆனால் பதிவேடுகள் பல தப்பின. கையெழுத்துப் போடத் தெரியாதவர்களை அடையாளம் காண, பிறந்த ஊர், பெற்றோர், உடன்பிறந்தோர், சில இடங்களில் பழைய எஜமானர் பெயர் வரை குமாஸ்தாக்கள் எழுதி வைத்திருந்தார்கள். அவற்றிலிருந்து சுமார் 4,80,000 பெயர்களைத் தொகுத்தவர்கள் யூட்டா மாநிலச் சிறைக் கைதிகள். 11 ஆண்டு உழைப்பு! 2001-இல் குறுந்தகடாக வந்த அதை ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகத் தேடலாம்.