புத்தளக் கரையின் யானைக்கால் நோயும் குருதிச் சான்றும்

சிலாபத்திலிருந்து தெற்கே மாரவில, வென்னப்புவ வரை நீளும் கரைநிலம் தென்னையால் வாழ்வது. தேங்காய் மட்டையை ஊறவைக்கும் குழிகள் கியூலெக்சு நுளம்புக்கு உகந்த பிறப்பிடமாதலின், வாழ்வளித்த மரமே நோய்க்கும் ஒருவகையில் இடந்தந்தது எனலாம். ஈழத்தில் யானைக்கால் நோய் வேரூன்றிய எட்டு மாவட்டங்களுள் புத்தளமும் ஒன்று.

நுளம்பின் உடலில் இந்நோய்ப்புழு வளர்வதை மான்சன் என்னும் ஸ்கொத்லாந்து மருத்துவர் சீனத்து அமோய் நகரில் 1877இல் கண்டறிந்தார். அப்புழுவின் நுண்குஞ்சுகள் இரவிலேயே குருதியில் மிகுந்து உலவுவன. ஆதலால், 1947இல் இலங்கையில் தொடங்கிய யானைக்கால் தடை இயக்கத்தின் ஊழியர் நள்ளிரவை அண்டி வீடுவீடாகச் சென்று மக்களை எழுப்பி விரல்நுனிக் குருதி பெறவேண்டியிருந்தது. உறங்கும் குழந்தையை எழுப்ப எந்தத் தாய்தான் மனமொப்புவாள்?

இத்தொல்லையை நீக்கியது புழு கசியவிடும் ஒரு புரதம். அது பகலிலும் குருதியில் நிற்பது. ஆஸ்திரேலியாவில் மோர், கோப்மன் என்போர் அதனை அறியும் முறையொன்றை 1990இல் வெளியிட்டனர். சிலநிமிடங்களில் விடைதரும் அட்டைச் சோதனையும் அப்பத்தாண்டிலேயே வந்தது. 2002 முதல் 2006 வரை ஆண்டுதோறும் மக்களுக்கு மருந்து வழங்கப்பட்டது. பின்னர்ப் பள்ளிச் சிறார் குருதியை இவ்வட்டையாலேயே ஆராய்ந்தனர். 2016இல் இந்நோய் இலங்கையின் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாதொழிந்தது என உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

ஆயினும், அட்டை காட்டுவது வூச்செரீரியா என்னும் புழுவை மட்டுமே. புரூகியா என்னும் மற்றொன்றும் உண்டு. அதனைப் பரப்பும் நுளம்பின் குடம்பிகள் ஆகாயத்தாமரையின் வேரைத் துளைத்து மூச்சுவிடுவன. மான்சன் பெயராலேயே அந்நுளம்பினம் மன்சோனியா எனப்படுவது. 1960களின் பிற்பகுதியில் ஒழிந்ததாகக் கருதப்பட்ட புரூகியா 2006இல் மீண்டும் தென்பட்டது. அதனை அறிய வேறு புரதத்துக்கு எதிராக உடலில் எழும் பிறபொருளெதிரியையே நாடவேண்டும்.

பல்லாண்டு வீங்கிய காலுடையோரிடத்து அட்டை பெரும்பாலும் எதனையும் காட்டாது. புழு இறந்துபட்டது, அதனோடு புரதமும் மறைந்தது. நிணநீர்க் குழாய் பழுதுற்றுத் தோல் தடித்து வெடிக்கும். அவ்வெடிப்பின் வழியே நுண்ணுயிர் புகுந்து, காய்ச்சலும் அழற்சியும் மீண்டும் மீண்டும் வரும். அன்னோருக்கு இன்றும் உற்ற துணை, நாள்தோறும் சவர்க்காரமிட்டுக் கால் கழுவி விரலிடுக்கை ஈரமற உலர்த்துதலும், இரவில் காலை உயர்த்தி வைத்தலுமே. அட்டையில் கோடு விழாமையால் நோயற்றவர் என அவர்களை எழுதிவிடுதல் தகாது.