முக்கால் மணி நேர விசாரணை

1919 செப்டம்பர் 30 இரவு. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், எலெய்ன் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் ஹூப் ஸ்பர் தேவாலயம். வாரத்துக்குப் பயிரிடும் கறுப்பின விவசாயிகள் அங்கே கூடியிருந்தார்கள். பருத்திக்குப் பண்ணையார்கள் ஒழுங்கான கணக்குக் காட்டுவதில்லை. சங்கமாகச் சேர்ந்து வக்கீல் வைத்துக் கேட்கலாம் என்பதுதான் பேச்சு. வெளியே துப்பாக்கிகள் வெடித்தன. ஒரு வெள்ளையர் செத்தார். அடுத்த சில நாட்களில் ஆயுதக் கும்பல்கள் வந்தன, ராணுவமும் வந்தது. மொத்தம் ஐந்து வெள்ளையர்கள் இறந்தார்கள். கொல்லப்பட்ட கறுப்பர்களை எண்ணி வைக்க யாரும் இல்லை. வழக்கு மட்டும் கறுப்பர்கள் மீதே பாய்ந்தது.

ஹெலினா நகர நீதிமன்றத்தில் நடந்ததை நின்று பார்க்க வேண்டும். ஜூரியில் ஒரு கறுப்பர்கூடக் கிடையாது. வெளியே கொதித்துக்கொண்டிருந்த கூட்டம். கைதிகளுக்கென்று நியமிக்கப்பட்ட வக்கீல் ஒரு சாட்சியைக்கூட அழைக்கவில்லை, வழக்கை வேறு ஊருக்கு மாற்றச் சொல்லியும் கேட்கவில்லை. முக்கால் மணி நேரத்தில் விசாரணை முடிந்தது. ஐந்து நிமிடத்துக்குள் தீர்ப்பும் வந்துவிட்டது. இப்படித்தான் பன்னிரண்டு பேருக்கு மரண தண்டனை. மாநில உச்ச நீதிமன்றம் அவர்களில் ஆறு பேரின் தண்டனையை உறுதி செய்தது.

அந்த ஆறு பேருக்கும் மிஞ்சியிருந்தது 1867ஆம் ஆண்டுச் சட்டம். உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு வந்த அது, மாநிலச் சிறையில் இருப்பவனும் மத்திய நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம் என்றது. நமக்கு ஆட்கொணர்வு என்றால் காணாமல் போனவரைத் தேடும் மனுதான் சட்டென்று நினைவுக்கு வரும். இங்கே ஆள் எங்கே என்பது கேள்வியல்ல. எந்த நியாயத்தில் அடைத்தாய் என்பதே கேள்வி.

மனுவுக்குப் பின்னால் இருந்தவர் சிப்பியோ ஜோன்ஸ், அடிமைத் தாய்க்குப் பிறந்த கறுப்பின வழக்கறிஞர். அவர் திரட்டியவற்றில் என்னை உலுக்குவது இரண்டு வெள்ளையர்களின் பிரமாணப் பத்திரங்கள். கறுப்பர்களைத் துரத்திய கும்பல்களின் வேட்டையில் கூடவே போனவர்கள் அவர்கள். வேண்டிய சாட்சியம் வரும்வரை கைதிகளைச் சவுக்கால் அடித்தோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

1915இல், கும்பலின் மிரட்டலுக்கு நடுவே தண்டிக்கப்பட்ட ஜார்ஜியாவின் லியோ பிராங்க் இதே கதவைத் தட்டியபோது அமெரிக்க உச்ச நீதிமன்றம் திறக்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் ஒரு கும்பல் அவரைச் சிறையிலிருந்து கடத்திப்போய்த் தூக்கிலிட்டது. பிராங்க் வழக்கில் மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதிகளில் ஒருவர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். 1923 பிப்ரவரி 19 அன்று எலெய்ன் வழக்கில் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவரும் அவரே. கூட்டத்தின் வெறி ஜூரி, வக்கீல், நீதிபதி எல்லோரையும் இழுத்துப்போய், மாநில நீதிமன்றமும் அதைச் சரிசெய்யாமல் விட்டிருந்தால், மத்திய நீதிபதி தானே உண்மையை விசாரித்தாக வேண்டும் என்றார். இரண்டு நீதிபதிகள் ஏற்கவில்லை.

அந்த விசாரணை கடைசிவரை நடக்கவில்லை. ஜோன்ஸ் மாநிலத்தோடு பேசிப் பேசி வழிகண்டார். ஆறு பேரும் சிறையை விட்டு வெளியே வந்தது 1925 ஜனவரியில்.